தாமதத்தின் விலை யார் கொடுத்தது?

ஆரானை விட்டுப் புறப்பட்டபோது ஆபிராமுக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. இடைப்பட்ட 25 ஆண்டுகளைப் பிரசங்கங்களில் பொறுமையின் கணக்காகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். அந்த ஆண்டுகளின் பாரத்தை அவர் யார் தலையில் ஏற்றினார் என்றும் கேட்க வேண்டும். நிலமும் சந்ததியும் உண்டு என்ற தேவனுடைய வாக்குத்தத்தத்தை உறுதியாகப் பற்றியிருந்த வேளைகளில் தாமே இழக்கத் துணிந்தார். பிடி தளர்ந்த வேளைகளில் அடுத்தவர் இழந்தார். ஆதியாகமத்தை நிகழ்ச்சி நிகழ்ச்சியாகப் பின்தொடர்ந்தால் இது தெரியவரும்.

பெத்தேலுக்கும் ஆயிக்கும் நடுவே இரண்டு மந்தைகளுக்கு மேய்ச்சல் போதவில்லை, மேய்ப்பர்களுக்குள் சண்டை. மூத்தவர் என்ற முறையிலும் வாக்கைப் பெற்றவர் என்ற முறையிலும் முதலில் தெரிந்துகொள்ளும் உரிமை ஆபிராமுடையது. அதைச் சகோதரன் மகன் லோத்துவிடம் விட்டுவிடுகிறார். லோத்து கண்ணுக்கெட்டியவரை பார்க்கிறான். சோவார் வரைக்கும் யோர்தான் சமவெளி நீர்வளமாய்க் கிடக்கிறது. அதையே எடுத்துக்கொள்கிறான். மந்தையை நம்பிப் பிழைக்கிறவருக்குத் தண்ணீர்தான் ஆஸ்தி; மிஞ்சியதைக் கொடுத்தார் என்று இதைத் தள்ளிவிட முடியாது. நிலம் எப்படியும் தம் வம்சத்துக்கே வரும் என்று நம்பியவர் விட்டுக்கொடுத்ததில் என்ன தியாகம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நிலம் சந்ததிக்கு என்றே சொல்லப்பட்டிருந்தது. அன்று அவருக்குப் பிள்ளை இல்லை. நாலு திசையையும் நோக்கிப் பார் என்று தேவன் சொன்னதோ லோத்து பிரிந்துபோன பிறகு. விட்டுக்கொடுத்த நேரத்தில் கையில் இருந்தது வெறும் வாக்கு மட்டுமே.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பஞ்சத்துக்குப் பிழைக்க எகிப்துக்குப் போனபோது, உயிருக்குப் பயந்து மனைவி சாராயைச் சகோதரி என்று சொல்லவைத்தார். அவள் பார்வோன் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டாள். அவருக்கு ஆடுமாடுகளும் ஒட்டகங்களும் வந்தன. கானானில் 10 ஆண்டுகள் கழிந்தும் பிள்ளை இல்லாதபோது சாராயின் அடிமைப்பெண் ஆகார் வருகிறாள். அவளைக் கணவனுக்குக் கொடுக்கும் யோசனை சாராயுடையது; ஆபிராம் இணங்கினார். மலடியான மனைவி அடிமைப்பெண்ணைக் கணவனுக்குக் கொடுப்பது அக்கால வழக்கம் என்பதற்கு, ஈராக்கில் கிர்குக் அருகே நூசியில் கிடைத்த களிமண் பலகைகளைச் சான்று காட்டுவார்கள். வழக்கம் என்பது உண்மையாகவே இருக்கட்டும். கர்ப்பிணியான அந்த எகிப்தியப் பெண் கடுமை தாங்காமல் ஓடி, சூருக்குப் போகும் வழியில் ஒரு நீரூற்றருகே இருந்தாளே, அவளுக்கு அந்த வழக்கம் என்ன ஆறுதல் தரும்? பெரியவர்களின் அவசரத்துக்கு அவள் உடம்பு விலையானது. அவளைத் தேடிப்போனவர் கர்த்தருடைய தூதனே. நம் பிரசங்கங்கள் இந்த இடத்தைக் கடந்துபோகும் வேகம் எனக்கு வருத்தம் தருகிறது. மோரியா மலையில் ஈசாக்கு கட்டப்பட்டானே என்பார் உண்டு. அது பிள்ளை பிறந்த பிறகு வந்த சோதனை, தனியே ஆராய வேண்டியது.

பிள்ளை வந்தான், நிலம் வரவில்லை. சாராள் என்று பெயர் மாறியிருந்த சாராய் 127 வயதில் எபிரோனில் இறந்தபோது, அவளை அடக்கம்பண்ண, ஆபிரகாம் என்று பெயர் மாறியிருந்த ஆபிராமுக்கு அங்கே சொந்தமாக ஓரடி மண்ணில்லை. கடவுள் எனக்குக் கொடுத்த நாடு இது என்று அவர் வழக்காடவில்லை. ஏத்தின் புத்திரருக்கு முன் அந்நியனாக எழுந்து வணங்கி, மக்பேலா குகையை விலைக்குக் கேட்கிறார். குகைக்குச் சொந்தக்காரனான எப்பெரோன் சும்மாவே தருகிறேன் என்கிறான். பிறகு பேச்சுவாக்கில் விலையையும் சொல்கிறான். பேரம் பேசாமல், பட்டணத்து வாசலில் எல்லாரும் பார்த்திருக்க, வர்த்தகரிடத்தில் செல்லும் 400 சேக்கல் வெள்ளியை ஆபிரகாம் நிறுத்துக் கொடுக்கிறார்.