மலையிறக்கத்தில் பிறந்த ஓசை



நம் தோட்டப் பள்ளிகளில் பல, சாலையோரத்தில் நிற்பவை. பாரம் ஏற்றிய லோரி மேட்டிலிருந்து பேரிரைச்சலோடு இறங்கினால், பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டுச் சன்னலைப் பார்ப்பார்கள். நாமும் ஓட்டுநரைச் சலித்துக்கொள்வோம். அமெரிக்க நாட்டில் ஊருக்கும் ஓட்டுநருக்கும் இடையே வழக்காகவே மாறிய ஓர் ஓசையின் வரலாற்றை இன்று காண்போம்.

கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்பவர் 1888ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்தில், பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். அதிகம் படிக்க வாய்ப்பில்லாத அவர், ஒரு செல்வரிடம் கார் ஓட்டும் வேலை பார்த்தார். அச்செல்வரின் உதவியால் 1919இல் டீசல் இயந்திரம் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

1931இல், டீசலின் சிறப்பை நாட்டுக்குக் காட்ட, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை தோழர்களுடன் லோரியில் புறப்பட்டார். கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. கீழே இரயில் பாதை. அதில் ஒரு சரக்கு இரயில் கடந்துகொண்டிருந்தது. மயிரிழையில் உயிர் தப்பினார்கள். அந்த அச்சம் அவர் நெஞ்சை விட்டு அகலவே இல்லை.

பிரேக் ஏன் பிடிக்கவில்லை? பிரேக் என்பது உரசல். உரசினால் சூடு பிறக்கும். நீண்ட இறக்கத்தில் விடாமல் அழுத்தினால், சூடு மிகுந்து பிடிமானம் குறைந்துபோகும். ஆகவே, இயந்திரத்தையே பிரேக்காக்க முடியுமா என்று கம்மின்ஸ் சிந்தித்தார்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எண்ணிப் பாருங்கள். அதன் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால், உள்ளே நெருங்கிய காற்று கைப்பிடியைத் திருப்பித் தள்ளும். டீசல் இயந்திரத்திலும் அப்படித்தான். பிஸ்டன் காற்றை அழுத்துகிறது; அழுந்திய காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளுகிறது. கொடுத்த விசை திரும்பி வந்துவிடுவதால் வண்டியின் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. காற்று முழுதும் அழுந்திய கணத்தில் விரலை எடுத்துவிட்டால்? காற்று 'புஸ்' என்று வெளியேறிவிடும்; திருப்பித் தள்ள ஒன்றும் இராது. அதுபோல, அந்தக் கணத்தில் புகை போகும் வால்வைத் திறந்துவிடும் கருவியை 1950களில், ஓய்வு பெற்ற பிறகு, கம்மின்ஸ் உருவாக்கினார். ஜேக்கப்ஸ் என்ற நிறுவனம் 1961இல் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓட்டுநர்கள் அதனை 'ஜேக் பிரேக்' என்றார்கள்.

உயிர் காத்த அக்கருவியே பின்னர் உறக்கத்தைக் கெடுத்தது. அந்தப் 'புஸ்' நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை நிகழ்கிறது அல்லவா? நல்ல சைலன்சர் இருந்தால் ஓசை அடங்கும். அது பழுதாகியிருந்தாலோ, கழற்றப்பட்டிருந்தாலோ, இயந்திரத் துப்பாக்கி சுடுவதுபோல் கேட்கும். பல ஊர்கள் 'இங்கே இயந்திர பிரேக் கூடாது' என்று பலகை நட்டன. 'மலையடிவாரத்தில் எங்களைத் தடுத்தால் எப்படி நிறுத்துவது?' என்பது ஓட்டுநர் தரப்பு.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. குற்றம் பிரேக்கிலா, சைலன்சரிலா என்பதே கேள்வி. அமெரிக்காவில் 1972இல் ஒலிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் கீழ், புதிய கனரக லோரிகளின் ஓசை 50 அடி தொலைவில் 83 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று 1978 முதல் விதிக்கப்பட்டது. 1988 முதல் அது 80 ஆயிற்று. 3 டெசிபல் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒலியின் ஆற்றல் அதனால் பாதியாகிறது. சில ஊர்கள், சைலன்சர் சரியில்லாத பிரேக்கை மட்டும் தடுத்தன. ஆபத்து நேரத்திற்கு விலக்கும் அளித்தன. அதுவே நடுநிலையான வழி என்று நமக்குத் தோன்றுகிறது.

நேயர்களே, நம் வீடுகளிலும் லோரி ஓட்டும் அண்ணன்மார் உண்டு. இரவெல்லாம் விழித்தழும் கைக்குழந்தைகளும் உண்டு. ஓட்டுநர் உயிரோடு வீடு திரும்பவேண்டும், குழந்தையும் உறங்கவேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை இழக்கத் தேவையில்லை. பழுதான ஒரு குழாயை நேரத்தில் மாற்றினால் இரண்டும் கைகூடும். அச்செலவை ஏற்பது வண்டியின் உரிமையாளர் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது ஓட்டுநரின் உரிமை.