ஏர்வாடி தீ விபத்தும் அதன் பிறகு வந்த சட்டமும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

தமிழகத்துக்கு மனநல மருத்துவம் புதிதல்ல. சென்னையில் 1794-லேயே மனநலக் காப்பகம் இருந்தது. அதன் தொடர்ச்சிதான் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை. ஆனால் தர்காவை நம்பி ஏர்வாடிக்கு வந்த பல குடும்பங்களுக்கு, இது ஒரு நோய், மருந்து உண்டு என்று சொந்த ஊரில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. நோயாளியிடமோ யாரும் எதையும் கேட்கவே இல்லை.

விபத்துக்குப் பின் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. சங்கிலியால் கட்டுவது குற்றம். என்ன சிகிச்சை, என்ன பக்கவிளைவு என்று நோயாளிக்கே சொல்ல வேண்டும். அவர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம்.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் மனநோயின் முதல் அறிகுறிகள் பெரும்பாலும் தூக்கமின்மை, தலைவலி, உடம்புவலி என்றுதான் வருகின்றன. கோவிலம்பாக்கம் போன்ற புறநகரிலும் மக்கள் முதலில் போவது பக்கத்துத் தெரு டாக்டரிடம்தான். அங்கே பத்துப் பேர் வரிசையில் நிற்க, கதவு திறந்திருக்க, டாக்டர் கூட வந்த அண்ணனிடமே விவரம் கேட்டால் நோயாளி எப்படி வாய் திறப்பார்? கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லி, கதவைச் சாத்தி, "நீங்க சொல்லுங்க" என்று கேட்பதில்தான் அந்தச் சட்டம் உயிர் பெறுகிறது.