வில்லில் ஆடிய பாக்குவெட்டி

கண்டி இராச்சியத்தில் ஒருவர் நோயிற் படுத்துவிட்டால், வீட்டார் ஒரு சிறு குச்சியை வில்லாக வளைத்து, அதன் நாணிலே பாக்குவெட்டியைத் தொங்கவிட்டு, இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, தெய்வங்களின் பெயர்களையும் பேய்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாக உச்சரித்து வருவார்களாம். எந்தப் பெயருக்குப் பாக்குவெட்டி ஆடுகிறதோ, அந்தப் பெயருக்குரியதே துன்பம் தந்தது என்று நிச்சயித்துக்கொண்ட பின்னரே பரிகாரத்தைப் பற்றிய விசாரம் தொடங்குமாம். 1660-இல் கொட்டியாரக் குடாவிலே பிடிபட்டு, ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டை விட்டு வெளியேற முடியாமல் இருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681-இல் இலண்டனில் வெளியான தம் நூலிலே இதனை எழுதிவைத்திருக்கிறார். பாக்குவெட்டியை ஆட்டியது காற்றா, பிடித்தவர் கையின் நடுக்கமா என்ற கேள்வியை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தால், இன்னது என்று முதலில் அறிந்துகொண்டு, இன்னாரிடம் போவது என்பதைப் பிறகு தீர்மானித்த அந்தக் கிரமம் மெச்சத்தக்கதென்றே எனக்குப் படுகிறது.

வாழ்க்கை ஓரிடத்திலே தட்டி நின்றுவிட்டதாக உணர்ந்து, உளவளத்துணையாளரிடம் போவதா, வாழ்க்கைப் பயிற்றுநர் என்று பெயர்ப்பலகை மாட்டியிருப்பவரிடம் போவதா என்று திகைக்கும் இக்காலத்துக் கண்டிவாசி, தம் திகைப்புப் புதியதென்று எண்ண வேண்டியதில்லை. நொக்ஸ் தாம் கண்ட பூசகர்களை மூவகையாகப் பிரிக்கிறார்: புத்த சமயத்துக்குரிய தேரர்கள், தேவாலயங்களுக்குரிய கபுவாக்கள், ஆவிகளுக்குரிய யக்தெஸ்ஸாக்கள். மறுமைக்கு ஒருவர், இம்மைக் காரியத்துக்கு ஒருவர், பீடித்த நோய்க்கு ஒருவர் என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம். நடைமுறையிலே எல்லைகள் அத்தனை திட்டமாக இருந்திரா.

இம்மூவரில் யக்தெஸ்ஸாவின் கலையே பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கண்டி நடனத்துக்கு மூலம். அவர் இராமுழுதும் நிகழ்த்தும் கொஹொம்ப கங்காரிய என்னும் சடங்கின் ஐதீகம் இது: விஜயன் என்னும் அரசன் தன் மனைவி குவேனிக்குக் கொடுத்த வாக்கிலிருந்து பிறழ்ந்தான், அந்தப் பாவம், அவனுக்குப் பின் அரசேறிய பண்டுவாசுதேவனைச் சிறுத்தைத் தோஷமாக வந்து பிடித்தது, மலய தேசத்திலிருந்து பூவிற் பிறந்த அரசன் ஒருவன் வந்து ஆடித் தீர்த்தான். பிழை செய்தவன் ஒருவன், நடுங்கியவன் வேறொருவன் என்பதைக் கவனிக்க வேண்டும். எப்போதோ நடந்து முடிந்ததொன்று, சம்பந்தமற்றவன் போலிருப்பவனின் உடம்பிலே எழுந்து நிற்கும் என்பதை மலைநாட்டார் ஃப்ராய்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஆயினும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே கற்பித்த கணநாத் ஒபயசேகர, பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984-இல் வெளியிட்ட பெருநூலில், இத்தகைய சடங்குகளை ஃப்ராய்டின் துணைகொண்டே ஆராய்ந்தார்.

பிணி தீர வேண்டியவர், வழி தெரிய வேண்டியவர் என்னும் வேறுபாடு நொக்ஸின் கதையிலேயே இரண்டு மனிதர்களாக நிற்கிறது. தந்தையும் மகனும் ஒரே பெயரினர். ஒரே குடாவில் அகப்பட்டவர்கள். ஒரே கிராமத்தில், பண்டாரகொஸ்வத்தையில், வைக்கப்பட்டவர்கள். தந்தை குளிர்க்காய்ச்சலோடு துயரமும் சேர்ந்து வாட்ட, 1661-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே இறந்துபோனார். அவருக்கு யாரேனும் வழி சொல்லியிருந்தால் எழுந்து நடந்திருப்பாரா? நடந்திருக்கமாட்டார். நூலை எழுதிய மகனோ, பிடிபட்டபோது இருபது வயதுகூட நிரம்பாதவர், தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடனாகக் கொடுத்து வட்டி வாங்கினார், கண்டிக்கு அருகே எலதெத்தவிலே காணி வாங்கி வீடு கட்டினார்; வியாபாரத்தைச் சாக்காக வைத்து ஒவ்வொரு பயணத்திலும் சற்றே வடக்கே போய்ப் பாதையை அறிந்து, பலமுறை திரும்பிவந்து, ஈற்றில் 1679-இல் ஒரு துணைவரோடு அருவியாற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவருக்கு வேண்டியிருந்தது வழி.

இவ்விரண்டிலும் அடங்காத முடக்கம் ஒன்றுண்டு. அதை அறிந்தவர்கள் தோட்டத்துத் தமிழர்கள். லயத்திலே ஒருத்தி பேச்சற்று உட்கார்ந்துவிட்டால், கோடாங்கி வந்து உடுக்கடித்து, காத்துக்கறுப்பா, குலதெய்வக் குற்றமா என்று குறி சொல்வான். அவள் அழுது தீர்த்து எழுந்ததும் உண்டு. ஆனால் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக விரும்பியவனைத் தடுத்தது எந்தக் காத்தும் அன்று. இன்னாருடைய கடன் இவ்வளவு தீர்ந்தால் விடுவிப்போம் என்று எழுதப்பட்ட 'துண்டு' என்னும் சீட்டே அவனைக் கங்காணியோடு கட்டிவைத்தது. அதனை அவிழ்க்க உடுக்கும் உதவவில்லை, உபதேசமும் உதவவில்லை. 1921-இல் சட்டம் வந்தே துண்டை ஒழித்தது. எல்லா முடக்கத்தையும் மனசின் மேல் ஏற்றிப் பேசும் உளவளத்துணையாளர், பயிற்றுநர் ஆகிய இருசாராருக்கும் இந்தத் துண்டை நான் நினைவூட்ட விரும்புவேன்.

பயிற்றுநரைக் குறிக்கும் 'கோச்' என்னும் சொல் ஹங்கேரியிலே வண்டி செய்து பெயர்பெற்ற கொச் என்ற ஊரிலிருந்து புறப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆக்ஸ்ஃபோர்டு மாணவர், தம்மைப் பரீட்சைக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் ஆசிரியரைக் கேலியாக வண்டி என்று அழைத்ததில் இன்றைய பொருள் ஏற்பட்டது. அதே சொல் தபால் வண்டியாக 1832-இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறி வந்தது. 1867-இல் இருப்புப்பாதை கண்டியை எட்டிய பின்னர் நம்மவர் வாயில் 'கோச்சி' என்று ரயிலுக்கே பெயராயிற்று. கோச்சியில் ஏறுபவனுக்கு இறங்கும் ஊர் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சற்காரனைத் தூக்கி ஏற்றினால் ஊர் வந்துசேரும், காய்ச்சலும் கூடவே வந்துசேரும். இருந்தும் பலர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஏறுகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் 1926-இல் பெரிய மனநோய் வைத்தியசாலை அமைந்த அங்கொடையின் பெயர், ஒருவரைப் பைத்தியம் என்று ஏசுவதற்கான சொல்லாகிவிட்டதே. பயிற்றுநரிடம் போனேன் என்று சொல்ல யாரும் கூசுவதில்லை.

தலதா மாளிகையின் அயலிலே நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்கள் இன்றும் இருக்கின்றன. கெம்முற நாட்களாகிய புதனிலும் சனியிலும் பழத்தட்டு ஏந்தியவர்கள், சிங்களவரும் தமிழருமாக, வரிசையாக நிற்கிறார்கள். நொக்ஸ் சொன்ன கபுவாவாகிய கபுறாளை திரைக்கு முன்னே நின்று யாதிக்காவ என்னும் விண்ணப்பத்தைத் தெய்வத்திடம் சொல்லுமுன், வந்தவரின் பெயரைக் கேட்கிறார், ஊரைக் கேட்கிறார், பிறகு, என்ன காரியம் என்று கேட்கிறார். சிலர் அப்போதுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.