கியர் நழுவல்: காவிரிப் படுகை டிராக்டர்களின் ஒரு பழுது

கியர் நழுவல் என்பது ஓட்டுநர் மாற்றாமலேயே, போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும் பழுதைக் குறிக்கும். பட்டறைகளில் ‘கியர் ஸ்லிப் ஆகுது’ என்பார்கள். கிளட்ச் வழுக்குவது வேறு. கிளட்ச் தேய்ந்தால் லீவர் இருந்த இடத்திலேயே இருக்க, என்ஜின் மட்டும் வீணாக இரையும். கியர் நழுவினால் லீவரே துள்ளி நடுவுக்கு வரும். தஞ்சைச் சமவெளியில் இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். வயலிலிருந்து ஆற்றுக்கரைக்கு ஏறும் சரிவில், நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு கியர் கழன்றால் வண்டி பின்னோக்கி உருளும். பின்னால் இருப்பது பெரும்பாலும் வாய்க்கால்.

பின்னணி

1960-61-இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வான முதல் மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. ‘பேக்கேஜ் திட்டம்’ என்றும் இதற்குப் பெயர் உண்டு. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் பரவியது. குறுவையை அறுத்த கையோடு தாளடி நட வேண்டும். அதற்குள் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். இந்த இடைவெளியில் நிலத்தை உழுது முடிக்க மாட்டு ஏர் போதவில்லை. சென்னையில் 1960-இல் நிறுவப்பட்ட டாஃபே, மாசி பெர்குசன் டிராக்டர்களை இங்கேயே தயாரிக்கத் தொடங்கியிருந்தது.

அதன் 1035 போன்ற வண்டிகளில் இருந்தது சறுக்கு வகை கியர் பெட்டி. பிரான்சில் பனார்-லெவாசோர் நிறுவனம் 1890-களில் மோட்டார் வண்டிகளுக்குப் பயன்படுத்திய முறையின் வழிவந்தது இது. பல்சக்கரமே தண்டின்மேல் சறுக்கிப் போய் அடுத்த சக்கரத்தின் பற்களோடு கோத்துக்கொள்ளும். 1928-இல் காடிலாக் கார்களில் வந்த சிங்க்ரோமெஷ் இதில் கிடையாது. எனவே வண்டியை நிறுத்தித்தான் கியர் மாற்ற வேண்டும். லாரி ஓட்டிப் பழகியவர்கள் ஓட்டத்திலேயே மாற்றினார்கள். பற்களின் முனை கரகரவென்று தேய்ந்தது. நேராக இருந்த பல் ஆப்பு வடிவமாகிவிட்டால், இழுவை கூடும்போதெல்லாம் அந்தச் சரிவே சக்கரத்தை வெளியே தள்ளும். சேற்றுழவில் இன்னொரு தொல்லையும் உண்டு. தேய்ந்த சீல் வழியே நீர் புகுந்தால் ஆயில் பால்போல் வெளுத்து, பேரிங்குகள் கெடும்.

பழுதைக் கண்டறிதல்

முதலில் கேட்க வேண்டியது, எந்த கியர் நழுவுகிறது என்பதுதான். ஒன்று மட்டும் என்றால் அந்தச் சக்கரத்தின் பற்களையோ, அதைத் தள்ளும் ஃபோர்க்கையோ சந்தேகிக்கலாம். எல்லாமே நழுவினால் தண்டைத் தாங்கும் பேரிங், தளர்ந்த போல்ட், லீவரின் அடிமுனை என்று பார்க்க வேண்டும். அடுத்து, எப்போது நழுவுகிறது? இழுக்கும்போது பல்லின் ஒரு பக்கமும், ஆக்சிலரேட்டரை விட்டதும் மறுபக்கமும் சுமை தாங்குகின்றன. எந்தப் பக்கம் தேய்ந்தது என்பதை மூடியைத் திறக்காமலே ஓரளவு ஊகிக்க இது உதவும். சோதனையைச் சரிவில் செய்யக் கூடாது. ஆள் நடமாட்டமில்லாத சமதரையே ஏற்றது.

பிறகு ஆயிலை வடித்து இரும்புத் துகள் இருக்கிறதா என்று பார்த்து, மேல்மூடியைக் கழற்ற வேண்டும். பல்லின் முழு அகலமும் பளபளத்தால் கோப்பு சரி. ஓரத்தில் மட்டும் பளபளப்பு என்றால் சக்கரம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. ஃபோர்க் வளைந்தோ தேய்ந்தோ இருக்கும். ஓட்டும்போது லீவர்மேல் கையை ஊன்றிக்கொள்ளும் பழக்கமே ஃபோர்க்கைத் தேய்க்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஃபோர்க் தண்டின் பள்ளத்தில் ஸ்பிரிங் அழுத்தும் சிறு குண்டோ முளையோ உட்கார்ந்து கியரைப் பிடித்து வைக்கிறது. ஸ்பிரிங் மலிவு என்பதால் பல இடங்களில் அதை மட்டும் மாற்றி வண்டியை அனுப்பிவிடுவார்கள். பள்ளமும் பற்களும் நன்றாக இருந்தால் அது சரியான வேலைதான். பல் ஆப்பாகியிருந்தால் புது ஸ்பிரிங் சில காலம் தாங்கும்; அறுவடைச் சுமையில் கியர் மறுபடி கழலும். அப்போது அந்தச் சக்கரத்தை, அதோடு கோக்கும் இணைச் சக்கரத்தையும் சேர்த்து மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.