எலிப்பல்லும் பொன்மழையும்

சயாம் மொழியின் உயிர்க்குறிகள் மெய்யெழுத்தை நாலாபுறமும் சூழ்ந்துகொள்பவை. சில முன்னால் நிற்கும், சில பின்னால். சில தலைமேல் ஏறும், சில காலடியில் தொங்கும். நம் கொம்பும் காலும் செய்யும் வேலைதான். பல்லவர் எழுத்து கெமர் நாடு வழியாக அங்கே போய்ச் சேர்ந்த உறவு அது. (தாய் மொழி என்று எழுதினால் தாய்மொழி என்று வாசித்துவிடுவீர்கள். பழைய பெயரே இருக்கட்டும்.)

பாங்காக்கில் எனக்கு எழுத்து கற்றுத்தந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஊரே அழைப்பதுபோல நானும் 'க்ரூ' என்றே அழைத்தேன், நம் குருதான். அவருடைய பாடம் பாதி வாயால், பாதி உடம்பால். மெய்யின் தலையில் சிறு தொப்பி வைத்தால் இகரம். தொப்பிமேல் ஒரு கோடு போட்டால் ஈகாரம்; அந்தக் கோட்டுக்குப் பெயர் 'ஃபோன் தோங்', பொன்மழை. இரண்டு கோடு போட்டால் 'ஃபன் நூ', எலிப்பல், ஒலியே வேறு. கோட்டுக்குப் பதில் குட்டி வட்டம் வைத்தால் அது பனித்துளி, எலிப்பல் ஒலியின் குறில். அடியில் தொங்கும் உகரத்துக்கு நீட்டிய கால் என்று பெயர், ஊகாரத்துக்கு மடக்கிய கால். இதைச் சொல்லும்போது க்ரூ மேசைக்கடியில் ஒரு காலை நீட்டுவார். பிறகு மடக்கி உள்ளே இழுத்துக்கொள்வார். குறிலுக்கு உள்ளங்கை கத்தியாக மேசையில் இறங்கும். நெடிலுக்குக் கை பக்கவாட்டில் போய்க்கொண்டே இருக்கும்.

எலிப்பல் ஒலிக்குத்தான் சிரமம் என்பார்கள். உதட்டைக் குவிக்காமல் 'ஊ' சொல்ல வேண்டும். க்ரூ இரண்டு விரல்களால் வாயின் ஓரங்களை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொல்லிக்காட்டுவார். தமிழருக்கு அது வீட்டுச் சரக்கு. 'பாட்டு', 'காசு' என்று பேசும்போது கடைசியில் வரும் குற்றியலுகரம் ஏறக்குறைய அதுவேதான். நீட்டப் பழகினால் போதும்.

இந்தக் குறிகள் எப்போதும் இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கவில்லை. 1833-ல், துறவியாக இருந்த இளவரசர் மோங்குட் சுகோதையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். 1292-ஐச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் அதில், இந்த எழுத்தைத் தாமே 1283-ல் வகுத்ததாக ராம்கம்ஹேங் அரசர் சொல்கிறார். அங்கே உயிர்க்குறிகள் மெய்களோடு ஒரே வரிசையில் சமமாக நிற்கின்றன. அடுத்த நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலேயே பழையபடி மேலும் கீழும் போய்விட்டன. கல்வெட்டு பிற்காலப் போலி என்று 1980களில் சில ஆய்வாளர் கிளப்பிய ஐயத்துக்கு இந்த ஒற்றை வரிசையும் ஒரு காரணம். அந்த வழக்கு இன்னும் ஓயவில்லை.

எழுத்தைக் காத்தவை புத்த விகாரைகள். பையன்கள் பிக்குகளிடம் உட்கார்ந்து, மெய்யோடு ஒவ்வோர் உயிராகச் சேர்த்து உரக்க ஓதினார்கள். அயுத்தியாவில் நாராய் அரசர் காலத்திலேயே (1656–1688) 'சிந்தாமணி' என்ற பாடநூல் இருந்தது. எனக்குப் பிடித்தது கவிஞர் சுந்தோன் பூ (1786–1855) செய்த தந்திரம். பிரா சாய் சுரியா என்ற அரசனின் கதையை அவர் பாட்டாக எழுதினார். முதல் பகுதியில் உயிரொலியில் முடியும் அசைகள் மட்டுமே. பிறகு ஒவ்வொரு மெய்யீறாக அவிழ்த்துவிடுகிறார். அரசன் நாடு இழந்து, கப்பல் உடைந்து, காட்டுக்குப் போவதற்குள் பிள்ளை எழுத்துக்கூட்டப் பழகியிருக்கும். அரண்மனைப் பள்ளிக்காக 1871-ல் வந்த 'மூலபத பன்பகிச்' பாடநூல் இந்தக் கதையை அப்படியே சேர்த்துக்கொண்டது.

இப்படிப் பாட்டாக நெஞ்சில் ஏறியதை ஆணையால் இறக்க முடியுமா? 1917-ல் வஜிராவுத் அரசர் முயன்றார். எல்லா உயிர்க்குறிகளையும் மெய்யோடு ஒரே வரிசையில் எழுதினால் படிக்க எளிது என்று புதிய முறையை முன்வைத்தார். யாரும் பின்பற்றவில்லை. முழு அதிகாரம் படைத்த அரசர், ஓர் இகரத்தைத் தலையிலிருந்து இறக்க முடியாமல் போனார்!

எழுத்தில் அடுத்துக் கைவைத்தவர் ராணுவப் பிரதமர் பிபுன் சொங்க்ராம். சயாமில் 'ஐ' ஒலிக்கு இரண்டு குறிகள். சுருண்ட தலை கொண்ட ஒன்று வெறும் 20 சொற்களில்தான் வரும்: புதிய, பெரிய, கொடு, மனம் போன்ற அன்றாடச் சொற்கள். எந்த 20 என்று நினைவில் வைக்கப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு உண்டு. பிபுன் 1942-ல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து, 13 மெய்களோடு அந்தச் சுருள்தலையையும் நீக்கினார். பாட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. உண்மையில் அது நியாயமான சீர்திருத்தம் என்றே நினைக்கிறேன். ஒரே ஒலிக்கு எதற்கு இரண்டு குறி? ஆனால் 1944-ல் அவர் பதவி இழந்ததும் சீர்திருத்தமும் போயிற்று. நீக்கிய எழுத்துகள் திரும்பி வந்தன.

க்ரூவின் அக்கா பள்ளியில் சேர்ந்தது 1943-ல். அந்தப் பாட்டு இல்லாத வகுப்பு. சில வருடம் கழித்துத் தங்கை அதைப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வர, அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் பண்ணினாராம். பாட்டியான பிறகும் 'புதிய' என்று எழுதுவதற்குமுன் அக்கா ஒரு கணம் தயங்குவார் என்று சொல்லி க்ரூ சிரித்தார்.