மலையில்லாத ஊரில் மலை சைக்கிள்

காரைக்காலில் மலை கிடையாது. அரசலாற்றுப் பாலத்தில் ஏறும் ஏற்றம்தான் நமக்கு மலை. இந்த ஊரில் எழுபத்துநான்கு வயதில் ஒருவன் 'மவுண்டன் பைக்' வாங்கினால் சிரிக்கத்தானே செய்வார்கள்? "சார், எந்த மலைக்குப் புறப்பாடு?" என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. ஓய்வூதியப் பணத்தைக் கரியாக்கிவிட்டேன் என்று வீட்டிலும் ஒரு முணுமுணுப்பு.

நான் வாங்கியது அலுமினியச் சட்டம் போட்ட சைக்கிள். முன் சக்கரத்தின் ஃபோர்க்கில் மட்டும் ஸ்பிரிங் இருக்கும். பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாமல் விறைப்பாக இருக்கும். அதனால் இந்த வகைக்கு 'ஹார்டுடெயில்' என்று பெயர். பட்டையான டயர், கியர், டிஸ்க் பிரேக். மொத்த எடை பதின்மூன்றரைக் கிலோ. என் பழைய சைக்கிள் இருபது கிலோவுக்கு மேல். முழங்கால் வலி வந்த பிறகு அதைத் தெருவிலிருந்து இரண்டு படி ஏற்றி வீட்டுக்குள் வைக்க முடியவில்லை. அதுதான் இதை வாங்கக் காரணம்.

மலை இல்லாவிட்டாலும் இந்த வண்டிக்கு இங்கே வேலை இருக்கிறது. நம் பகுதியில் ஆற்றங்கரைகளும் வாய்க்கால் கரைகளும்தான் நல்ல பாதைகள். கார் வராது, நிழல் இருக்கும். ஆனால் குண்டும் குழியும், மழை பெய்தால் சேறு. பழைய ஒல்லி டயர் அதில் புதையும், இது புதையாது. குழியில் விழும்போது முன் ஸ்பிரிங் மணிக்கட்டைக் காப்பாற்றுகிறது. பின்பக்க அதிர்ச்சியை நாமேதான் பிட்டத்தைத் தூக்கிச் சமாளிக்க வேண்டும். காலையில் அரசலாற்றங்கரையோடு கடற்கரைக்குப் போய்த் திரும்புகிறேன்.

வாங்கிய மறுவாரம் அக்கா வந்திருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். வாசலில் நின்ற சைக்கிளைச் சுற்றிப் பார்த்தாள். குழாயைப் பிடித்து ஒரு கையால் தூக்கினாள். வண்டி எழும்பியது.

"இவ்வளவுதான் கனமாடா தம்பி? அன்னிக்கு இந்தக் கனத்துல ஒண்ணு இருந்திருந்தா நான் படிச்சிருப்பேன்" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். காப்பியைக் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதனால் இந்தக் கட்டுரை.

எங்கள் கிராமம் திருநள்ளாறு பக்கம். காரைக்காலுக்கு ஐந்தாறு கிலோமீட்டர். அப்பாவிடம் இருந்தது ஓர் இங்கிலீஷ் சைக்கிள். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் ஓடியதெல்லாம் பெரும்பாலும் பர்மிங்காமிலும் நாட்டிங்காமிலும் செய்த வண்டிகள்தான்! 1949இல் சுங்க ஒப்பந்தம் முடிந்து எல்லையில் சுங்கச் சாவடி வந்த பிறகு, சைக்கிளை நிறுத்தி டூல் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சாவடி போனது, சைக்கிள் எங்களோடு இருந்தது.

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் சைக்கிள் என்று சொன்னால் திருத்துவார், 'வெலோ' என்று சொல்ல வேண்டும். அது அவர்கள் நாட்டுப் பொருள் என்பதில் அவருக்குப் பெருமை. அதில் நியாயம் உண்டு. முன் சக்கரத்தில் பெடல் வைத்த வண்டியை 1860களில் பாரிஸில் மிஷோ குடும்பத்தார் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1868 நவம்பர் 1இல் போர்தோ நகரப் பூங்காவில் பெண்களுக்கென்றே ஒரு சைக்கிள் பந்தயம் நடந்தது. நமக்கு விடுதலை நாளான அதே நவம்பர் 1, எண்பத்தாறு வருடம் முன்னால்!

ஆனால் அதே பிரான்சில், பெண்கள் கால்சட்டை அணியக் கூடாது என்று பாரிஸ் போலீஸ் 1800இல் போட்ட உத்தரவு அமலில் இருந்தது. அணிய வேண்டுமானால் போலீஸில் அனுமதி வாங்க வேண்டும். பிறகு 1892இலும் 1909இலும் இரண்டு சுற்றறிக்கைகள் வந்தன. குதிரைக் கடிவாளத்தையோ சைக்கிள் கைப்பிடியையோ பிடித்திருக்கும் பெண் கால்சட்டை அணியலாம் என்று அவை சொன்னதாகப் பதிவு இருக்கிறது. காலமெல்லாம் சுற்றறிக்கைகளோடு வாழ்ந்த குமாஸ்தா நான். இப்படி ஒரு சுற்றறிக்கையை நான் கோப்பில் பார்த்ததில்லை. அந்தப் பழைய உத்தரவு செல்லாது என்று பிரெஞ்சு அரசு அறிவித்தது 2013இல்தான்.

நம் நாட்டுத் தொழிற்சாலைகள் பிறகு வந்தன. 1949இல் முருகப்பா குழுமம் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வந்தது. சோனிபத்தில் 1951இல் அட்லஸ், லூதியானாவில் 1956இல் ஹீரோ. எல்லாம் ஒரே அச்சு: இரும்புச் சட்டம், 28 அங்குலச் சக்கரம், குறுக்கே ஒரு பார். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத பையன்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் கற்றுக்கொண்டோம். பாவாடையும் தாவணியும் கட்டிய பெண்ணுக்கு அந்தப் பார் ஒரு தாழ்ப்பாள்.

இப்போது இந்த லேசான உலோகத்துக்கு வருகிறேன். அலுமினியத் தாதுவுக்கு 'பாக்சைட்' என்று பெயர் வந்தது தெற்குப் பிரான்சில் உள்ள லே போ என்ற ஊரால். 1821இல் பெர்த்தியே என்பவர் அங்கே அதைக் கண்டெடுத்தார். தாது மலிவு, அதிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதுதான் கஷ்டம். 1886இல் பிரான்சில் எரூவும் அமெரிக்காவில் ஹாலும், ஒருவரையொருவர் அறியாமல், மின்சாரத்தால் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. விலை சரிந்தது, சோற்றுக் குண்டான்வரை அலுமினியம் வந்தது.

நிறைய மின்சாரம் இருக்கும் இடத்தில்தான் அலுமினிய ஆலை வைக்க முடியும். தமிழ்நாட்டில் அது மேட்டூரில் அமைந்து 1965இல் உற்பத்தி தொடங்கியது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் அங்கே போனது. அதே மேட்டூரில் திறக்கும் தண்ணீர்தான் குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து நம் ஊரில் கடலைத் தொடுகிறது. என் சைக்கிளின் உலோகம் எந்த நாட்டுத் தாதுவோ தெரியாது. ஆற்றங்கரையில் போகும்போது நினைப்பு மட்டும் மேட்டூருக்குப் போய்விடும்.

அலுமினியத்தின் எடை இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் அப்படியே மூன்றில் ஒரு பங்குதான். இரும்புக் குழாய் அளவிலேயே அலுமினியக் குழாய் போட்டால் சட்டம் வளையும். எனவே குழாயைப் பருமனாக்கினார்கள். தகட்டின் கனம் மாறாமல் விட்டத்தை மட்டும் இரட்டித்தால் விறைப்பு ஏறக்குறைய எட்டு மடங்காகும். என் சைக்கிளின் குழாய்கள் மூங்கில் போலத் தடித்திருப்பதற்கு இதுதான் காரணம். "இவ்வளவு தடியா இருக்கு, எப்படி சார் லேசு?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

மலை சைக்கிள் பிறந்தது கலிபோர்னியாவில், தமல்பைஸ் மலைச் சரிவில். 1970களில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மேலே கொண்டுபோய், மண் பாதையில் பாய்ந்து இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். 1976இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. ஒருமுறை இறங்கினால் பின் சக்கர பிரேக்கின் கிரீஸ் புகைந்து போகும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பெயர். 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே தனிச் சட்டம் செய்தார். 1981இல் ஆலைத் தயாரிப்பாகக் கடைக்கு வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பந்தயமாகவும் சேர்ந்தது.

நம் கடற்கரைக்காரர்கள் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். உப்புக் காற்றில் அலுமினியச் சட்டம் துருப்பிடிக்காது. ஆனால் செயினும் திருகாணிகளும் இரும்பு. சீட் குழாயும் சட்டமும் ஈரம் ஏறி ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீட்டைக் கழற்றி கிரீஸ் தடவ வேண்டும். நான் சோம்பலால் ஒன்றரை வருடம் விட்டேன், என் சீட் குழாய் இறுகிப்போனது. இன்னொன்று: இரும்புச் சட்டம் வளைந்தால் தட்டி நிமிர்த்தி ஓட்டலாம். அலுமினியம் களைத்தால் பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் விடும். துடைக்கும்போது அங்கே பார்த்துவிடுங்கள்.

இனி அக்கா சொன்னதற்கு வருகிறேன்.

1963இல் எனக்குப் பதின்மூன்று, அவளுக்குப் பதினைந்து. அவள் காரைக்காலில் பெண்கள் பள்ளியில் படித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு அவர்கள் மாட்டு வண்டியில் போய்வந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமானதும் வண்டி நின்றது. பேரளம் ரயில் இருந்ததே என்பீர்கள். அதன் நேரம் பள்ளிக்கூட நேரத்துக்கு ஒத்துவரவில்லை. அப்பா தன் சைக்கிளை எனக்குக் கொடுத்து, "அக்காவைக் கேரியர்ல வச்சு அழைச்சுட்டுப் போ" என்றார். மூன்று வாரம் போனோம். பிறகு நான் முடியாது என்றேன். "சைக்கிள் கனம்ப்பா, அக்காவையும் வச்சு மிதிக்க முடியலை, நெஞ்சு வலிக்குது" என்றேன். அம்மா பயந்துவிட்டாள். அக்கா படிப்பு அத்தோடு நின்றது. மறு வருடமே கல்யாணம்.

நெஞ்சு வலி பொய். என் வகுப்புப் பையன்கள், அக்காவைச் சுமந்து வருகிறவன் என்று கேலி செய்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதே கேரியரில் அரை மூட்டை நெல்லை வைத்து நான் அரவை மில்லுக்குப் போயிருக்கிறேன்.

அறுபது வருடமாக அக்கா கனத்தைத்தான் காரணம் என்று நம்பியிருக்கிறாள். நானும் மெல்ல மெல்ல அதையே நம்பத் தொடங்கியிருந்தேன். 1991–92இல் புதுக்கோட்டையில் நடந்தது அந்த நம்பிக்கையைக் கலைத்திருக்க வேண்டும். அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் அவர் ஏற்பாடு செய்தார். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் அதிகமான பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். கல் உடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதினார். அதில் ஒரு விவரம் என்னைக் குத்தியது. லேடீஸ் சைக்கிள் போதாததால் அவர்கள் ஓட்டியது ஆண்கள் சைக்கிள். குழந்தையை உட்காரவைக்க வசதி என்று அந்தப் பாரையே விரும்பியவர்களும் உண்டு.

அலுமினியமும் இல்லை, கியரும் இல்லை. அதே இருபது கிலோ இரும்பு. அக்காவிடம் அன்று யாரும், "நீயே ஓட்டிக்கிட்டுப் போ" என்று சொல்லவில்லை. கனம் சைக்கிளில் இல்லை.

போன மாதம் அவள் மறுபடி வந்தபோது இதைச் சொன்னேன். நெஞ்சு வலி பொய் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அம்மா உனக்காகத் திருநள்ளாத்துல வேண்டிக்கிட்டு ஒரு மண்டலம் விளக்குப் போட்டாடா" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு சீட்டைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாள். அது இறுகிப்போயிருந்தது, என்னால் அசைக்க முடியவில்லை. மறுநாள் சைக்கிள் கடைத் தம்பி எண்ணெய் விட்டு ஊறவைத்து, முக்கால் மணி நேரம் போராடிக் கழற்றினார். இறக்கி மாட்டினோம். எழுபத்தாறு வயதில் ஏறி ஓட்டுவது வேண்டாம் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை உருட்டிக்கொண்டு போனாள், திரும்பி வந்தாள். வரும்போது இரண்டு முறை மணி அடித்தாள்.

சீட்டை நான் இன்னும் ஏற்றவில்லை. அவள் பேத்தி மே மாத விடுமுறைக்கு வருகிறாள். அவளுக்கு அந்த உயரம் சரியாக இருக்கும்.