கட்டியத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு கீமோ?

பெரியப்பா போன வருஷம் என்கிட்ட கேட்ட கேள்விதான் தலைப்பு. வலது நுரையீரலில் ஒரு மடலை எடுத்திருந்தாங்க. கையில் மூணு பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி. மூச்சை உள்ளே இழுத்தா பந்து மேலே ஏறணும். மூணாவது பந்து அசையவே மாட்டேங்குது. இந்த நிலைமையில் நாலு சுற்று கீமோன்னா கோபம் வராதா? "கம்ப்யூட்டர் படிச்ச பயதானே, தேடிச் சொல்லுடா"ன்னுட்டார். தேடினா கிடைச்சது எழுபது வருஷக் கதை மக்களே!

1933 ஏப்ரல் 5. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரம். எவர்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், ஜேம்ஸ் கில்மோர் என்பவரின் இடது நுரையீரலை முழுசா எடுத்தார். கில்மோரும் டாக்டர்தான், பிரசவம் பார்ப்பவர். புற்றுநோய்க்காக ஒரே அறுவையில் முழு நுரையீரலை எடுத்து ஆள் பிழைச்சது அதுதான் முதல் தடவை. மறுபடி வேலைக்குப் போய், 1963 வரைக்கும் இருந்தார் மனுஷன். அவருக்கு அறுவை நடந்தப்ப கீமோன்னு ஒண்ணு கிடையாது.

ஆஹா, பெரியப்பா கட்சி ஜெயிச்சிடும் போலன்னு நினைச்சேன். ஆனா எல்லாரும் கில்மோர் இல்லை. அறுவை நல்லா முடிஞ்சவங்களிலும் பலருக்கு நோய் எலும்பிலோ மூளையிலோ திரும்ப வந்தது. கத்தி படுறதுக்கு முன்னாடியே சில செல்கள் ரத்தத்தில் கிளம்பிப் போயிருக்கும். எந்த ஸ்கேனிலும் சிக்காது.

கிரஹாம் கதை இன்னும் கொடுமை. சிகரெட்டுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1950ல் எர்ன்ஸ்ட் விண்டரோடு சேர்ந்து காட்டியவர் அவர். அவரும் சிகரெட் பிடிச்சவர்தான். 1957ல் அதே நோயில் போனார். அவர் காப்பாத்திய நோயாளி அவருக்குப் பிறகும் ஆறு வருஷம் இருந்தார்.

ஓடிப்போன செல்களைப் பிடிக்க மருந்து தேடினாங்க. முதலில் வந்தது நைட்ரஜன் மஸ்டர்ட், போர்க்கால விஷவாயு குடும்பம். அந்த வகை மருந்துகளை நுரையீரல் அறுவைக்குப் பிறகு கொடுத்த சோதனைகளை 1995ல் ஒண்ணாச் சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. மருந்து வாங்கினவங்கதான் அதிகம் இறந்திருந்தாங்க! அதே கணக்கில் சிஸ்பிளாட்டின் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது. பாக்டீரியா மேல மின்சாரம் பாய்ச்சிப் பார்த்த பார்னெட் ரோசன்பெர்க், பிளாட்டினம் கம்பியிலிருந்து 1965ல் தற்செயலாப் பிடிச்ச சரக்கு அது.

சந்தேகம் தீர்ந்தது 2004ல். அறுவை முடிந்த 1,867 பேரை இரண்டு குழுவாப் பிரிச்சுப் பார்த்த சோதனை. அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோடு இருந்தவங்க, கீமோ வாங்கினவங்களில் 44.5 சதவீதம், வாங்காதவங்களில் 40.4.

"நூத்துக்கு நாலு பேரா? இதுக்கா எழுபது வருஷம்?"

"ஆமா பெரியப்பா."

"அந்த நாலு பேர் யாருன்னு தெரியுமா?"

"தெரியாது பெரியப்பா."

கொஞ்ச நேரம் பேசலை. சின்னக் கட்டி, கட்டியோட போச்சுன்னா டாக்டரே வேண்டாம்னு சொல்லியிருப்பார். இவருக்கு நிணநீர்க் கணுவிலும் செல்கள் இருந்தது. அதையும் சொன்னேன். "சரி, ஏத்தச் சொல்லு"ன்னார்.

ஒவ்வொரு சுற்றிலும் கிட்னியைக் காப்பாத்த மணிக்கணக்கா சலைன். வாந்திக்கு ஒண்டன்செட்ரான். அந்த மாத்திரை வந்தது 1990களில்தான். அதுக்கு முன்னாடி இதே மருந்தை எப்படித்தான் தாங்கினாங்களோ.

நாலு சுற்றும் முடிஞ்சது. காதில் சில்வண்டு சத்தம் இன்னும் போகலை. மூணாவது பந்து இப்ப ஏறுது. நோய் திரும்பலைன்னாலும் அது கத்தியாலயா மருந்தாலயான்னு எந்த ஸ்கேனும் சொல்லாது. பெரியப்பா அதைக் கேட்கிறதையே விட்டுட்டார். எனக்குத்தான் இன்னும் மனசு கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கு.